முடியும் என்று தெரிந்தும் முடியாது என்றேன்

அன்புள்ள கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து நீ போன் செய்தபோது உன் அம்மா மிக்ஸியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் நீ சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. நான் முப்பது வருடம் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியிலேயே மாணவர்களுக்கு முன்னால் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று புரிந்தபோது, அவளை மிக்ஸியை நிறுத்தச் சொன்னேன். "என் ஆபரேஷனப் பத்தி நானே பேசிக்குவேன்பா. ஆனா அந்த ஆஸ்பத்திரில இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சதுன்னு யாருக்குமே தெரியல. பழைய பேப்பர் ஒண்ணுகூட கிடைக்கலையாம். நீதானே மொதல்லேர்ந்து அங்க இருந்தே, எழுதிக் குடேன்" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் எழுதத் தயங்கியதற்குக் கை காரணமில்லை. ஆரம்பத்தை எழுதினால் நடுவில் நான் செய்ததையும் எழுத வேண்டும். உனக்கு அது தெரியும். இருந்தாலும் நான் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை.

நம் வீடு இருக்கும் ஜீவனஹள்ளியில் எல்லோரும் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் பணக்காரர்கள் மூக்கைச் சரி செய்துகொள்வது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் யூனிட்டுக்கு வந்தவர்கள் ஸ்டவ் வெடித்து வெந்துபோன பெண்கள். ஆறிய பிறகு தாடையும் மார்பும் ஒட்டிக்கொண்டு, வானத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே நடந்து வருவார்கள். உதடு பிளந்து பிறந்த குழந்தைகள் வந்தார்கள். மிஷினில் விரல் போனவர்கள் வந்தார்கள். நான் தியேட்டர் டெக்னீஷியன். கத்தி, கத்தரிக்கோல்களை வேகவைத்து எடுப்பது, மேஜையை ஏற்றி இறக்குவது, விளக்கைத் திருப்புவது என் வேலை. யூனிட்டின் தலைவி டாக்டரம்மா. ஹாசன் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஐந்தடிகூட இருக்கமாட்டார். மேஜைக்கு எட்டுவதற்காக ஒரு மரப்படியைப் போட்டு அதன் மேல் நின்றுதான் ஆபரேஷன் செய்வார். அந்தப் படியில் ஏழு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கி, அடுத்த நோயாளி சாப்பிட்டாளா என்று விசாரிக்கப் போவார். நான் பார்த்த மனிதர்களில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை. இதை மாணவர்களிடம் சொல்.

1991-ல் கௌசல்யா வந்தாள். பெங்களூரில் அப்போது திருநங்கைகள் நடத்தும் ஹமாம்கள் இருந்தன. வெந்நீர் காயவைத்து, குளிக்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் இடம். கௌசல்யா அப்படி ஒரு ஹமாமில் அண்டாவுக்கு விறகு தள்ளுகிறவள். ஆந்திரா பக்கம் எங்கேயோ ஒரு வீட்டில், டாக்டர் இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல் அவளுக்கு அறுத்திருந்தார்கள். புண் ஆறும்போது சிறுநீர் வரும் வழி மூடிக்கொண்டது. இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாகப் போய், மூன்றாம் நாள் அதுவும் நின்று, வயிறு பானை போல் வீங்கி வந்து சேர்ந்தாள். ஆண்கள் வார்டில் வேண்டாம் என்றார்கள், பெண்கள் வார்டிலும் வேண்டாம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நடைபாதையில் டிராலியிலேயே கிடந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பக்கத்திலிருந்தவன் ஏதோ சொன்னான், நான் சிரித்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் என் சிரிப்பைக் கேட்டுத் திரும்பினாள். கோபப்படவில்லை. பழகிப்போன ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தார். என்னைப் பார்த்து, "ஏனப்பா, பேஷண்ட் பேரு ஏனு?" என்றார். "அவன் பேரு தெரியாது மேடம், கேஸ் ஷீட்டுல இன்னும் எழுதல" என்றேன். "வாய் இருக்கு இல்ல? கேளு. அவங்க என்ன சொல்றாங்களோ அதையே எழுது." கேட்டேன். கௌசல்யா என்றாள். எழுதினேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அவள்' என்றுதான் சொன்னேன். மனம் மாறிவிட்டதால் இல்லை, டாக்டரம்மாவுக்குப் பயந்து. மனம் மாறச் சில மாதம் பிடித்தது. பயந்துகொண்டு செய்தாலும் சரியானதைச் செய்துகொண்டிருந்தால் மனம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. இது நான் அங்கே கற்றுக்கொண்டது.

அன்று வயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வைத்து அவளைக் காப்பாற்றினார்கள். பிறகு இன்னொரு ஆபரேஷனில் வழியைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் நாளன்று கௌசல்யா டாக்டரம்மாவிடம், "எங்க ஆளுங்க இப்படியே இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்கம்மா, அனுப்பட்டா?" என்று கேட்டாள். அனுப்பினாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இரண்டு பேர் வழியிலேயே இறந்து உடலாகத்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது ஆளின் உடலை மூடிவிட்டு வந்து, டாக்டரம்மா தியேட்டரில் என்னையும் மாணவர்களையும் வைத்துக்கொண்டே பேசினார். "எங்கேயோ யாரோ அறுக்குறான், நாம தைக்கிறோம். நாம டாக்டரா, டைலரா? இதை மொதல்லேயே ஒழுங்கா நாமே பண்ணா இவங்க ஏன் சாகணும்?"

கேட்பது சுலபம். அப்போது நம் ஊரில் அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்க எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. டாக்டரம்மா லைப்ரரிகளுக்குக் கடிதம் போட்டு, வெளிநாட்டுக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து வரவழைத்துப் படித்தார். மத்தியான இடைவேளையில் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குவார், நானும் சுவரோரம் நின்று கேட்பேன். அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரி எங்களுக்கு எத்தனையோ வருடம் முன்பே இதைத் தொடங்கியதாம், கொஞ்ச காலத்தில் வேண்டாம் என்று நிறுத்தியும் விட்டதாம். ஒரு மாணவர், "அவங்களே நிறுத்திட்டாங்கன்னா நாம ஏன் மேடம்?" என்று கேட்டார். டாக்டரம்மா, "கதவை மூடினாங்க, சரி. கதவுக்கு வெளியே நின்னவங்க எங்கே போனாங்கன்னு அந்தப் பேப்பர்ல இருக்கா, பாரு" என்றார். அந்த மாணவர் திரும்பப் படித்துவிட்டு இல்லை என்றார். "எனக்கும் இது தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. ஒரு பெரிய டாக்டர் மாணவர்கள் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

முதலில் வந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண், பெயர் ரேகா. கௌசல்யாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "இவளும் அந்த வீட்டுக்குப் போறேன்றாம்மா. நான் பட்டது போதும். நீங்களே பண்ணுங்க" என்றாள். மனநல டாக்டர் பல மாதம் பேசிப் பார்த்து, இவள் தெளிவாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். சூப்பரிண்டெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண் உறுப்பை எடுப்பது கொடுங்காயம் என்று சட்டத்தில் இருக்கிறது, நாளைக்குப் போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான், அவருக்கும் குடும்பம் இருந்தது. "கேஸ் ஷீட்டுல வேற ஏதாச்சும் பேரு எழுதிப் பண்ணிடுங்களேன்" என்று வழியும் சொன்னார். டாக்டரம்மா, "பேடா சார், வேண்டாம். பொய் எழுதினா அது தப்பு பண்ண மாதிரி ஆயிடும். நான் பண்றது தப்பு இல்லே" என்று சொல்லி, நடக்கப்போவதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரேகாவும் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாள்தான் இன்று யாருக்கும் கிடைக்காத தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று நீ அவர்களிடம் சொல்லலாம்.

ஆபரேஷனுக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினார்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிய சீனியர் வரமாட்டேன் என்றார். மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிஜி மாணவி, அப்போதுதான் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள், "நான் குடுக்கிறேன் மேடம்" என்று முன்னால் வந்தாள். ரத்தம் வேண்டியிருந்தது. ஹமாமிலிருந்து ஆறு பேர் கொடுக்க வந்து நின்றார்கள். எய்ட்ஸ் பயத்தில், டெஸ்ட் செய்துகூடப் பார்க்காமல் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டரம்மாவின் டிரைவரும் ஒரு மாணவரும் கொடுத்தார்கள். என்னுடையதும் அதே குரூப்தான் கதிர். டிரம்முக்குள் கட்டுத் துணியை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானம் மூன்று தாண்டி முடிந்தது. வெட்டி எறிவது இல்லை அது. இருக்கும் தோலை, இருக்கும் நரம்பை வீணாக்காமல் திருப்பி, மடித்து, புதிதாக ஒன்றை உருவாக்குவது. விளக்கைப் பிடித்திருந்த எனக்குத் தோள் மரத்துப்போனது, ஆனால் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை. ஏழாம் நாள் சிறுநீர் டியூபை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் வார்டு பாத்ரூமிலிருந்து, "கௌசல்யாக்கா, தண்ணி போவுது! நேரா போவுது!" என்று ரேகா கத்தினாள். கழுத்து ஒட்டியிருந்த தீக்காயப் பெண்கள் உட்பட வார்டே சிரித்தது. டாக்டரம்மா வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு வருடத்தில் ரேகாவுக்குப் புதிதாகச் செய்தது உள்ளே சுருங்கிவிட்டது, மறுபடியும் செய்ய வேண்டிவந்தது. டாக்டரம்மா மாணவர்களைச் சுற்றி நிற்கவைத்து ரேகாவிடம், "நான் அளவு தப்பா எடுத்தேன்மா. உன் தப்பு இல்லே, என் தப்பு. மன்னிச்சுக்கோ" என்றார். ரேகா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு வந்தவர்களுக்கு அந்தத் தவறு நேரவில்லை. இதையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வேன். உன் அம்மா கார்மென்ட்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து சோறு போடும்போது சொல்வேன். தட்டில் கையை வைத்தபடி நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய்.

ஆனால் ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. 1996 தொடக்கத்தில் கோலார் பக்கமிருந்து ஒரு வெல்டர் வந்தார். பெண்ணாகப் பிறந்தவர், பதினைந்து வயதிலிருந்து ஆணாக வாழ்கிறவர். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கட்டி விலாவெல்லாம் புண். டாக்டரம்மா அவருக்கு மார்பை எடுத்துச் சரிசெய்தார். அவருக்கும் நான்தான் விளக்குப் பிடித்தேன். ரேகாவின் கதையைச் சொன்னவன் இதை ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டால், காரணம் எனக்குத் தெரியும். உனக்கு அப்போது பதினான்கு வயது. ஸ்கூல் யூனிபார்ம் பாவாடையைப் போட மாட்டேன் என்று நீ தினமும் அழுதுகொண்டிருந்த வருடம். அந்த வெல்டரின் புண்ணைப் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. வந்ததை யாரிடமும் சொல்லாமல் உள்ளே போட்டு அமுக்கிவிட்டேன்.

அதே வருடம் ஜூன் மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய். "அப்பா, ரேகாக்காவுக்குப் பண்ணாங்களே, அதே மாதிரி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் பண்ண முடியுமா?" என்று கேட்டாய். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. "அதெல்லாம் முடியாது. உலகத்துல எங்கேயும் முடியாது. போய்ப் படி" என்றேன். "எங்கேயுமேவா?" என்றாய். "எங்கேயும் இல்ல" என்றேன். அதற்கு நாலு மாதம் முன்புதான் அந்த வெல்டரைக் கைத்தாங்கலாக வாசல் வரை கொண்டுவந்து விட்டிருந்தேன். கதிர், தெரியாமல் சொல்லியிருந்தால் என்னை மன்னித்துக்கொள்வது எனக்கே எளிதாக இருந்திருக்கும். பெங்களூரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த தகப்பன்மார் மிகச் சிலரே இருந்திருப்பார்கள், அதில் ஒருவன் நான். நீ கேட்டதோ சரியான ஆளை.

ஏழு வருடம் நீ மறுபடி கேட்கவில்லை. பி.காம். முடித்தாய், கால் சென்டரில் சேர்ந்தாய். 2003-ல் ஒரு நாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நான் வழக்கம்போல் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தேன். உன் அம்மா பத்தாவது தாண்டாதவள், ஆனால் அன்று அவள் என்னைப் பாதியிலேயே நிறுத்தினாள். "ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தம் புள்ள தானா வளரும்னுவாங்க. நீ ஊரார் புள்ளைக்கெல்லாம் லைட்டு புடிச்சே. தம் புள்ளைய இருட்டுல வுட்டுட்டியே!" அடுத்த வாரம் உன்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

அவருக்கு அது ரிட்டயர் ஆகும் நேரம். என்னை உட்காரச் சொன்னார், அந்த அறையில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. உன்னிடம் பெயரைக் கேட்டார். "கதிர்" என்றாய். அந்தப் பெயரை நானும் அப்போதுதான் கேட்டேன். "எப்போலேர்ந்து தெரியும்?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து தெரியும் மேடம். பதினாலு வயசுல அப்பாகிட்ட கேட்டேன். உலகத்துல எங்கேயும் முடியாதுன்னார். அதான் இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டேன்." டாக்டரம்மா மனதுக்குள் வருடத்தைக் கணக்கிடுவது எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "அந்த வெல்டர் கேஸ்ல தியேட்டர்ல நீ தானே இருந்தே?" அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஹௌது மேடம், நான்தான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அவரிடம், "பயந்துட்டிருப்பாரு மேடம். இப்ப அவர்தான் கூட்டிட்டு வந்திருக்காரு, விடுங்க" என்றாய். இருபத்தோரு வயதில் உனக்கு எங்கிருந்து அந்தப் பெரிய மனது வந்தது? என்னிடமிருந்து இல்லை என்பது நிச்சயம்.

மனநல டாக்டர், ஹார்மோன் ஊசி, கமிட்டி எல்லாம் முடிந்து மறு வருடம் உனக்குத் தேதி கிடைத்தது. டாக்டரம்மா ரிட்டயர் ஆவதற்கு முன் எடுத்துக்கொண்ட கடைசிக் கேஸ்களில் நீயும் ஒருவன். ரேகாவுக்கு மயக்க மருந்து கொடுக்க முன்வந்த பிஜி மாணவியே உனக்கும் கொடுத்தார், அதற்குள் அவர் புரொபஸர் ஆகியிருந்தார். என்னைத் தியேட்டருக்குள் விடவில்லை, சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. வெளியே பெஞ்சில் உன் அம்மாவும் கௌசல்யாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு வெளியே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இன்னும் மோசமாக இருந்தது. கௌசல்யா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "குடிண்ணா. அம்மா கை பட்டா ஒண்ணும் ஆவாது" என்றாள். நடைபாதையில் அவளைப் பார்த்துச் சிரித்தது நான்தான் என்று அவளிடம் அன்று சொன்னேன். "தெரியும்ணா, மறப்பனா?" என்றாள். டம்ளரைத் திரும்ப வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

மத்தியானம் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "கதிரோட அப்பா யாரு?" என்று கூப்பிட்டாள். எழுந்து நின்றேன். "நான்தான் சிஸ்டர்" என்றேன்.

நீ பேசப்போகும் இடத்தில் டாக்டரம்மாவைச் சொல், கௌசல்யாவைச் சொல், ரேகாவைச் சொல். பெயர் போட்டுக்கொள்ளாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன டிரைவரைச் சொல். என் பொய்யையும் சொல். மறைக்காதே. அந்தப் பிள்ளைகள் டாக்டர் ஆன பிறகு அவர்களிடமும் யாராவது வந்து பாதி வார்த்தையில் கேட்பார்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லட்டும். முடிகிறதை முடியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. உனக்கும் அதே புத்திமதிதான். நாளைக்கு உன்னிடம் ஒரு குழந்தை எதைக் கேட்டாலும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்.

கடைசியாக ஒன்று, இது பேச்சுக்கு இல்லை, உனக்கு மட்டும். தையல் பிரித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நம் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன் போய்க்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, தோளை நிமிர்த்தி, கையை வீசி, அவசரமில்லாத நடை. பதின்மூன்று வயதிலிருந்து நீ தோளைக் குறுக்கி, மார்புக்குக் குறுக்கே பையையோ புத்தகத்தையோ பிடித்துக்கொண்டு நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ புதுப் பையன், நம் தெருவுக்குக் குடிவந்தவன் போல, நல்லா இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அந்தப் பையன் நம் வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான்.

என்றும் உன்,
அப்பா